வீதி விளக்கும் வகுப்பறை வெளிச்சமும்: எந்தக் கருவியால் அளக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீதி விளக்குகள் பற்றிப் பத்திரிகைகளில் வரும் முறைப்பாடுகள் பெரும்பாலும் இரண்டு விதம். “விளக்குப் பூட்டியும் ஒழுங்கை இருட்டாய்த்தான் கிடக்குது” என்பார் ஒருவர். “புதுசாய்ப் பூட்டின எல்.ஈ.டி கண்ணைக் குத்துது, எதிரில சைக்கிளில வாற ஆளைத் தெரியேல்லை” என்பார் இன்னொருவர். சில வேளை இருவரும் ஒரே ஒழுங்கையில் குடியிருப்பவர்கள். யாராவது ஒரு லக்ஸ் மீற்றரை (வந்து விழும் ஒளியை அளக்கும் கருவியை) கொண்டுபோய்க் கம்பத்தின் அடியில் பிடிப்பார். 25 லக்ஸ் என்று காட்டும். போதும் என்று எழுதி முடித்துவிடுவார்கள். முறைப்பாடு செய்த இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம், மீற்றர் காட்டியதும் சரியாக இருக்கலாம். அளக்க வேண்டியது ஒன்றிருக்க அளந்தது இன்னொன்று, அவ்வளவுதான். வகுப்பறையிலும் வாசிகசாலையிலும் ஆஸ்பத்திரியிலும் இதே குழப்பம் இருப்பதால், ஒளியை அளக்கும் கருவிகள் பற்றிச் சற்று விரிவாக எழுத இடம் தரவேண்டும்.

ஒரு பரப்பின் மேல் வந்து விழும் ஒளி ஒரு கணியம். அதன் அலகு லக்ஸ். ஒரு சதுர மீற்றரில் ஒரு லூமென் (விளக்கு தரும் ஒளியின் அலகு) விழுந்தால் ஒரு லக்ஸ். அந்தப் பரப்பிலிருந்து நமது கண்ணை நோக்கி வரும் ஒளி வேறொரு கணியம். அதை ஒளிர்வு என்பர். அதன் அலகு சதுர மீற்றருக்கு இத்தனை கன்டெலா என்பது. ரீவி விற்கும் கடைகளில் ‘நிற்’ என்று சொல்வதும் இதையே. மெழுகுதிரி ஒன்றின் ஒளிச்செறிவு ஏறத்தாழ 1 கன்டெலா. அதிலிருந்து 1 மீற்றர் தூரத்தில் 1 லக்ஸ் விழும், 2 மீற்றரில் கால் லக்ஸ் விழும். இனி மேசை விளக்கின் கீழ் ஒரு வெள்ளைக் கடதாசியையும் ஒரு சிலேற்றையும் அருகருகே வையுங்கள். லக்ஸ் மீற்றர் இரண்டின் மேலும் ஒரே எண்ணைக் காட்டும். கண்ணுக்குக் கடதாசி பளிச்சென்றும் சிலேற் இருட்டாகவும் தெரியும், ஏனென்றால் கண்ணுக்குள் போவது ஒளிர்வு மட்டுமே. பளபளப்பில்லாத பரப்பானால் கணக்கு எளிது. விழும் லக்ஸைத் தெறிப்பு வீதத்தால் பெருக்கி 3.14 ஆல் வகுத்தால் ஒளிர்வு வரும். 300 லக்ஸ் விழும் இடத்தில் 80% தெறிக்கும் வெள்ளைக் கடதாசிக்கு 76 கன்டெலா. அதே இடத்தில் 10% தெறிக்கும் கரும்பலகைக்கு 9.5 கன்டெலா. (ஒளிர்வைச் சொல்லும் இடங்களில் ‘சதுர மீற்றருக்கு’ என்பதை விட்டுக் கன்டெலா என்று மட்டும் சுருக்கி எழுதுகிறோம்.)

தார் வீதிக்கு இந்த எளிய கணக்குச் சரிவராது. வாகனம் ஓட்டுபவர் வீதியைக் குனிந்து பார்ப்பதில்லை. 60 மீற்றருக்கு அப்பால், நிலத்தோடு ஏறத்தாழ ஒன்றரைப் பாகைச் சாய்வில் பார்க்கிறார். அந்தச் சாய்வில் தார் கொஞ்சம் கண்ணாடி போலத் தெறிக்கும். சி.ஐ.ஈ. எனப்படும் சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழுவின் வீதிப் பரப்பு அட்டவணையில் வழமையான தார் வீதிக்குச் சராசரிக் குணகம் 0.07, கொங்கிறீற் வீதிக்கு 0.10. அதாவது தார் வீதியில் 15 லக்ஸ் விழுந்தால்தான் ஓட்டுநரின் கண்ணுக்குச் சுமார் 1 கன்டெலா ஒளிர்வு கிடைக்கும். கொங்கிறீற் ஒழுங்கையில் அதே ஒளிர்வுக்கு 10 லக்ஸ் போதும். எங்கள் ஊர்களில் தார் வீதியிலிருந்து கொங்கிறீற் ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே வற்றுள்ள விளக்கைப் பூட்டிவிட்டு ஒரே வெளிச்சத்தை எதிர்பார்ப்பதில் பயனில்லை. மாரியில் நிலைமை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீதி நனைந்ததும் விளக்குகள் நீண்ட வெள்ளைக் கோடுகளாய்த் தெறிக்கும். கோடுகளுக்கு இடையில் குழியும் தெரியாது, நடந்து போகிறவரும் தெரியார். லக்ஸ் மீற்றர் அப்போதும் முன்பு காட்டிய அதே 15ஐத்தான் காட்டும்.

இதனால் லக்ஸ் மீற்றர் தேவையில்லை என்றாகாது. முதலில் வாங்க வேண்டியது அதுதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்து வாங்க வேண்டும். மேலே தெரிகிற வெள்ளை வில்லை ஒளியைப் பரப்பும் மூடி. அதன் கீழே பச்சை சாயலுள்ள வடிகட்டி. அதற்கும் கீழே சிலிக்கன் ஒளியிருவாயி. அதில் பிறக்கும் நுண்ணிய மின்னோட்டத்தைப் பெருக்கி எண்ணாகக் காட்டுவது மிச்சச் சுற்று. மின்னணுச் சுற்று இன்று மலிவு. கருவியின் தரமும் விலையும் மூடியிலும் வடிகட்டியிலுமே தங்கியிருக்கின்றன. மலிவான கருவியில் செலவைக் குறைப்பதும் அந்த இரண்டிலேதான்.

வடிகட்டியின் வேலை என்னவென்றால், பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் கூடுதலாக உணர்வது 555 நனோமீற்றர் பச்சையை. அதற்கு இரு பக்கமும் உணர்திறன் சரிந்து போகும். இந்த வளைகோட்டைச் சி.ஐ.ஈ. 1924 இல் நிர்ணயித்தது. சிலிக்கனுக்கோ உச்சம் 900 நனோமீற்றர் அளவில், கண்ணுக்கே தெரியாத செங்கீழ்க் கதிர்ப் பகுதியில். வடிகட்டி சிலிக்கனைக் கண்போலப் பார்க்கவைக்க வேண்டும். எவ்வளவு பொருந்தாமல் போயிற்று என்பதைக் காட்டும் எண்ணை ‘எஃப்-1-பிரைம்’ என்பார்கள். டின் 5032 என்ற ஜேர்மன் நியமத்தின் 7ஆம் பாகப்படி ஏ வகுப்புக் கருவிக்கு இது 3 வீதத்தையும், பி வகுப்புக்கு 6 வீதத்தையும், சீ வகுப்புக்கு 9 வீதத்தையும் தாண்டக்கூடாது. எல்லாப் பிழைகளும் சேர்ந்து ஏ வகுப்பில் 5, பியில் 10, சீயில் 20 வீதம் வரை போகலாம். இப்போது ஒரு மலிவு மீற்றரின் பெட்டியை எடுத்துப் பாருங்கள். “பிழை 3%” என்று பெரிதாக இருக்கும். எஃப்-1-பிரைம் பற்றி ஒரு சொல்லும் இராது. அந்த 3% என்பது 2856 கெல்வின் இழை மின்குமிழின் கீழ் அளவுத்திருத்தம் செய்தபோது கிடைத்த எண். வெள்ளை எல்.ஈ.டியின் நிறமாலையில் 450 நனோமீற்றர் அளவில் கூரான நீல முனை ஒன்று உண்டு. வடிகட்டி நீலப் பக்கத்தில் பொருந்தாவிட்டால் அந்த 3 வீதத்துக்கு எல்.ஈ.டியின் கீழ் அர்த்தமே இல்லை. எஃப்-1-பிரைம் அச்சிடாத கருவியை வகுப்பில்லாத கருவி என்றே கொள்ள வேண்டும்.

மூடியின் வேலை கோசைன் விதியைக் காப்பாற்றுவது. ஒளி நேர்மேலிருந்து வராமல் 60 பாகை சாய்ந்து வந்தால் மீற்றர் சரிபாதியைக் காட்ட வேண்டும். வீதியில் இது ஏன் பெரிய விடயம் என்பதற்கு ஒரு கணக்கு. விளக்கு 8 மீற்றர் உயரத்தில், கம்பங்கள் 30 மீற்றர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கம்பத்துக்கும் நடுவில் நிற்பவருக்கு ஒளி 62 பாகைச் சாய்வில் வருகிறது. அந்தத் திசையில் விளக்கு 3000 கன்டெலா வீசினால் நிலத்தில் விழுவது சுமார் 5 லக்ஸ். இரு பக்க விளக்கும் சேர 10. மூடி சரியில்லாத மீற்றர் கம்பத்தடியில் ஒழுங்காகக் காட்டி, இந்த நடு இடத்தில் குறைத்துக் காட்டும். நல்ல விளக்கு கூடாத விளக்கென்று திருப்பி அனுப்பப்படுவதற்கு இது ஒன்றே போதும்.

கையிலுள்ள கருவியைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. இரவில் ஓர் அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு மின்குமிழை எரியவிட்டு, சுவர்த் தெறிப்பைக் குறைக்கக் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். முதலில் உணரியை (வெள்ளை மூடியுள்ள தலைப் பாகத்தை) ஒளி புகாத உறையால் மறைத்துப் பாருங்கள். பூச்சியம் காட்டாவிட்டால் அந்தக் கருவியைச் சிறிய வெளிச்சத்துக்கு நம்பக்கூடாது. பிறகு மின்குமிழிலிருந்து 1 மீற்றரில் ஓர் அளவீடு, 2 மீற்றரில் ஓர் அளவீடு. இரண்டாவது முதலாவதின் கால்பங்காக இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் சுவரிலிருந்து ஒளி தெறித்து வருகிறது. துணியைத் திருத்திக்கொண்டு மறுபடி பாருங்கள். பிறகு 2 மீற்றரிலேயே உணரியைப் பாகைமானி வைத்து 60 பாகை திருப்புங்கள். பாதிக்குப் பதிலாக 40 வீதம் காட்டினால் மூடி கூடாது. கடைசி இலக்கம் நில்லாமல் ஆடிக்கொண்டே இருந்தால் விளக்கின் துடிப்பும் காரணமாகலாம். எங்கள் மின்சாரம் 50 ஹேட்ஸ் என்பதால் மலிவான எல்.ஈ.டி வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். நல்ல மீற்றர் அதைச் சராசரியாக்கிக் காட்டும்.

கைத்தொலைபேசிச் செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். தொலைபேசியில் உள்ள உணரி திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவே வைக்கப்பட்டது. கண்ணாடிக்குக் கீழே, மூடியில்லாமல் இருப்பதால் சாய்ந்து வரும் ஒளியை அது ஒழுங்காக வாங்காது. இரண்டு மூலைகளில் எது இருட்டு என்று பார்க்க உதவும். அதைக் காட்டிப் பணம் கொடுக்கவும் கூடாது, பொருளைத் திருப்பவும் கூடாது.

வகுப்பறைக்கு வருவோம். சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 8995 இன் 2002 ஆம் ஆண்டுப் பதிப்பு வகுப்பறைக்கு 300 லக்ஸும், மாலை வகுப்புகளுக்கும் வளர்ந்தோர் வகுப்புகளுக்கும் 500 லக்ஸும், கரும்பலகைக்கு 500 லக்ஸும் கேட்டது. பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு வரை நடக்கும் எங்கள் தனியார் கல்வி நிலையங்கள் 500 என்ற வரிசையில் வருகின்றன என்பதை நடத்துபவர்கள் கவனிக்க வேண்டும். இவை விளக்குகள் பழசாகித் தூசி படிந்த பிறகும் காக்கப்பட வேண்டிய எண்கள். ஆகவே புது விளக்குப் பூட்டிய அன்று 300 காட்டினால் போதாது. பராமரிப்புக் குணகம் (பழசாகித் தூசி படிந்த பிறகு மிஞ்சும் வெளிச்சத்தின் பங்கு) 0.8 என்று எடுத்தால் முதல் நாளில் 375 இருக்க வேண்டும். எங்கள் செம்மண் புழுதிக்கு 0.8 என்பதே தாராளமான எண்.

அளக்கும் முறை இது. இரவில் அளப்பதே நல்லது. பகலில்தான் முடியுமென்றால் ஒவ்வொரு புள்ளியிலும் விளக்கு எரிய ஒருமுறை, அணைத்து ஒருமுறை அளந்து கழிக்க வேண்டும். 620, 280 என்று வந்தால் விளக்கு தருவது 340. முகில் ஓடுகிற நாளில் இந்தக் கழித்தல் பொய்த்துவிடும். விளக்குகளைக் குறைந்தது 20 நிமிடம் எரியவிட வேண்டும். குழாய் விளக்கு மெல்ல மெல்லத்தான் முழு வெளிச்சத்துக்கு வரும். எல்.ஈ.டி அதற்கு மாறாகச் சூடேறச் சூடேறக் கொஞ்சம் குறையும், ஆகவே போட்டவுடன் அளந்தால் கூடுதலாகக் காட்டும். மின்னழுத்தத்தையும் அளந்து எழுதிவைக்க வேண்டும். பழைய சோக் போட்ட குழாய் விளக்கு 230 வோல்ற்றுக்குக் கீழே போனால் மங்கும்.

எத்தனை புள்ளிகளில் அளப்பது என்பதற்கும் கணக்குண்டு. அறையின் நீளத்தை அகலத்தால் பெருக்கி, அதை நீள அகலக் கூட்டுத்தொகையாலும், மேசை மட்டத்திலிருந்து விளக்கு வரையுள்ள உயரத்தாலும் வகுக்க வேண்டும். விடை 1க்குக் கீழ் என்றால் 4 புள்ளிகள், 1 முதல் 2 வரை 9, 2 முதல் 3 வரை 16, அதற்கு மேல் 25. 25 அடிக்கு 20 அடி வகுப்பறை ஒன்றில் விளக்கு மேசைக்கு மேல் 2 மீற்றர் உயரத்தில் இருந்தால் விடை 1.7; ஆகவே 9 புள்ளிகள். அறையை ஒன்பது சம பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றின் நடுவிலும், நிலத்திலிருந்து 75 சென்ரிமீற்றர் உயரத்தில், உணரியைக் கிடையாக வைத்து அளக்க வேண்டும். ஒன்பதின் சராசரியை மட்டும் பார்த்தால் போதாது. ஆகக் குறைந்த புள்ளி சராசரியின் 0.6 பங்குக்குக் குறையக்கூடாது. நடு வாங்குகளில் 450உம் சுவரோர வாங்குகளில் 150உம் இருக்கிற வகுப்பறை கடதாசியில் 300 என்று தேறிவிடும், சுவரோரப் பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருக்கும்.

இங்கே நடக்கும் பிழைகளில் பெரியது, அளப்பவர் உணரியின் மேல் குனிந்து நிற்பது. நிழல் விழும். நிழல் விழாவிட்டாலும் வெள்ளை உடுப்பு ஒளியைத் தெறித்து உணரிக்குள் அனுப்பும். வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து அளந்தால் எண் கூடத்தான் செய்யும். உணரி தனியாகவும் எண் காட்டும் பாகம் தனியாகவும் வயரால் இணைத்திருக்கும் கருவியை வாங்கினால் தள்ளி நின்று வாசிக்கலாம். பலகையை அளக்கையில் உணரியின் முதுகைப் பலகையோடு ஒட்ட வைத்து முகத்தை வகுப்பைப் பார்க்கத் திருப்ப வேண்டும். மேசை மேல் கிடையாக வைத்து எடுத்த எண் பலகைக்கு உதவாது.

வெண்பலகை வந்த பிறகு இன்னொரு முறைப்பாடு கூடியிருக்கிறது: ஓரத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பலகையில் ஒரு பகுதி பளபளத்து எழுத்துத் தெரிவதில்லை. பலகையில் லக்ஸ் அளந்தால் எல்லா இடமும் ஒன்றுபோலவே காட்டும். விளக்கு அல்லது யன்னல் அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு மட்டும் தெறிக்கிறது. இதைப் பிடிக்க ஒளிர்வுமானி வேண்டும். அந்தப் பிள்ளையின் இருக்கையில், அதன் கண் உயரத்தில் வைத்துத் தெறிப்பின் மேல் ஒரு அளவீடும் பக்கத்தில் ஒரு அளவீடும் எடுத்தால் விகிதம் வந்துவிடும். திருத்தம் பெரும்பாலும் மலிவானது: பலகையின் மேல் விளிம்பைச் சற்று முன்னுக்குச் சாய்ப்பது, அல்லது முதல் வரிசை விளக்கை இடம் மாற்றுவது.

ஒளிர்வுமானி பார்வைக்கு வீடியோக் கமெரா போலிருக்கும். முன்னே வில்லை, பின்னே பார்க்கும் துளை, நடுவில் ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டுமே அது அளக்கும். வட்டத்தின் கோணம் கருவியின் உயிர். கொனிக்கா மினோல்ற்றாவின் எல்.எஸ்-100 இல் அது 1 பாகை, எல்.எஸ்-110 இல் மூன்றில் ஒரு பாகை. 1 பாகைக் கருவி 3 மீற்றரில் 5 சென்ரிமீற்றர் வட்டத்தையும் 10 மீற்றரில் 17.5 சென்ரிமீற்றர் வட்டத்தையும் எடுக்கும். அளக்கும் பொருள் அந்த வட்டத்தை விடச் சிறிதென்றால் பின்னணியும் சேர்ந்து எண்ணைக் கெடுக்கும். குவியம் சரிசெய்யாமல் அளப்பதும் அதே பிழையில் முடியும். பார்வைப் புலத்துக்கு அண்மையில் பிரகாசமான விளக்கிருந்தால் அதன் ஒளி வில்லைக்குள் சிதறிக் கறுப்பை வெளுப்பாக்கும். வில்லைக்கு மறைப்புக் குழாய் போட்டும், விளக்கைக் கையால் மறைத்தும் பார்த்து வித்தியாசத்தை அறியலாம். சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. கண்ணும் போகும், கருவியும் போகும்.

வீதியில் இந்தக் கோணம் எவ்வளவு ஏமாற்றும் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1.5 மீற்றர் உயரத்தில் வைத்து 60 மீற்றருக்கு அப்பாலுள்ள ஒரு புள்ளியைக் குறிபார்த்தால், 1 பாகை வட்டம் வீதியில் 44 மீற்றரிலிருந்து 92 மீற்றர் வரை நீண்டு படுக்கும். ஒன்றரைக் கம்ப இடைவெளி முழுவதும் ஒரே எண்ணாகிவிடும். இருட்டுத் திட்டு வெளிச்சத் திட்டு எல்லாம் கலந்துவிடும். அதனால்தான் வீதிக்கென்று செய்த ஒளிர்வுமானியின் புலம் உயரத்தில் 2 கலை, அகலத்தில் 20 கலை என்று ஒடுக்கப்பட்டிருக்கும் (60 கலை ஒரு பாகை). அது 60 மீற்றரில் நீளப்பாட்டில் ஒன்றரை மீற்றருக்கும் குறைவான, அகலத்தில் 35 சென்ரிமீற்றரான துண்டை எடுக்கும். இன்று ஒரே படத்தில் வீதி முழுவதையும் அளந்து தரும் படக் கமெரா வகை ஒளிர்வுமானிகளும் உண்டு. விலை அதிகம், ஆனால் ஓர் இரவில் பல வீதிகளை முடிக்கலாம்.

ஐரோப்பிய நியமம் 13201 வீதியின் வகையைப் பொறுத்துச் சதுர மீற்றருக்கு 2.0, 1.5, 1.0, 0.75, 0.5, 0.3 கன்டெலா என்று ஆறு படிகளை வைத்திருக்கிறது. நடையும் சைக்கிளும் மெதுவான வாகனமும் போகும் ஒழுங்கைகளுக்கு ஒளிர்வு கேட்பதில்லை. 15 லக்ஸிலிருந்து 2 லக்ஸ் வரை படிகள் உண்டு, அங்கே லக்ஸ் மீற்றரே போதுமானது. ஆனால் பிரதான வீதிகளில் ஒளிர்வைத்தான் அளக்க வேண்டும். ஒழுங்கையில் 30 மீற்றர் இடைவெளிக்கு, முதல் கம்பத்திலிருந்து ஒன்றரை மீற்றரில் தொடங்கி 3 மீற்றருக்கு ஒன்றாகப் பத்து இடங்கள், ஒவ்வொரு இடத்திலும் அகலவாக்கில் மூன்று புள்ளிகள். உணரியை நிலத்தோடு நிலமாக வைக்க வேண்டும். கருவி 0.1 லக்ஸ் வரையாவது காட்ட வேண்டும். முழு எண்ணில் மட்டும் காட்டும் மீற்றர் 2 லக்ஸ் வேலைக்கு உதவாது. பறுவத்தில் நிலவே 0.2 லக்ஸ் அளவு தந்துவிடும் என்பதால் அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தெரிவு செய்ய வேண்டும். கடை விளம்பரப் பலகைகள் அணைந்த நேரமும், வாகன விளக்கு இல்லாத இடைவெளியும் வேண்டும். வேம்பின் கொப்பு விளக்கை மறைத்திருந்தால், அதை வெட்ட முன்னும் வெட்டிய பின்னும் அளந்தால், கூடுதல் விளக்கு வேண்டுமா கத்தி வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.

இனிக் கண்கூச்சம். விளக்கிலிருந்து நேரே கண்ணுக்குள் வரும் ஒளி விழிக்குள் சிதறி, பார்க்கும் காட்சி முழுவதன் மேலும் ஒரு வெள்ளைத் திரை போடுகிறது. கண்ணில் விழும் லக்ஸைப் பத்தால் பெருக்கி, பார்வைக் கோட்டுக்கும் விளக்குக்கும் இடையிலுள்ள கோணத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்தத் திரையின் ஒளிர்வு வரும். 10 பாகை மேலே இருக்கும் விளக்கு கண்ணில் 1 லக்ஸ் போட்டால் திரை 0.1 கன்டெலா. 5 பாகையில் இருந்தால் 0.4, அதாவது நாலு மடங்கு. வீதி 1 கன்டெலா இருக்குமிடத்தில் இந்த 0.1 திரையால் பொருள்களைக் காணும் வாசல் (ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டிய ஆகக் குறைந்த ஒளிர்வு வித்தியாசம்) 6.5 வீதம்தான் உயரும். வீதி 0.3 கன்டெலாவாக இருந்தால் அதே திரை 17 வீதம் உயர்த்தும். நியமம் பொறுக்கும் எல்லை வீதியின் வகையைப் பொறுத்து 10, 15 அல்லது 20 வீதம். “இருட்டு” என்றவரும் “குத்துது” என்றவரும் ஒரே விளக்கைப் பற்றி எப்படிச் சொன்னார்கள் என்பதற்கு விடை இதிலிருக்கிறது. வீதி மங்கலாக இருப்பதனாலேயே கூச்சமும் கூடுகிறது. இதை அளக்க லக்ஸ் மீற்றரின் உணரியை நிமிர்த்தி, கண் உயரத்தில், ஓட்டுநர் பார்க்கும் திசைக்கு முகம்காட்டிப் பிடித்து, ஒரு விளக்கை மட்டும் சிறிய அட்டையால் மறைத்தும் மறைக்காமலும் எடுத்துக் கழிக்க வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி விளக்கின் வற்று அல்ல. பழைய சோடியம் விளக்குக்குச் செய்த, மேல்நோக்கிச் சாய்ந்த கையிலேயே புது எல்.ஈ.டித் தலையையும் பூட்டிவிடுவதால் ஒளி வீதியில் விழாமல் தூரத்து ஓட்டுநரின் முகத்தில் விழுகிறது. நீர்மட்டத்தை வைத்துத் தலையைக் கிடையாக்கினால் சாமான் ஒன்றும் வாங்காமலே பாதிப் பிரச்சினை தீரும். வாங்கும்போதே சாய்வைத் திருத்தக்கூடிய பிடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரி சம்பந்தமாக இரண்டே விடயங்கள். முதலாவது மிக முக்கியம்: பிறந்த குழந்தையின் செங்கண்மாரிக்கு வைக்கும் நீல ஒளி விளக்கை லக்ஸ் மீற்றரால் சோதிக்கவே கூடாது. அங்கே வேலை செய்வது 460 முதல் 490 நனோமீற்றர் வரையான ஒளி. தீவிர சிகிச்சைக்கு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு, ஒரு நனோமீற்றருக்கு, 30 மைக்ரோவற்றேனும் வேண்டும். 460இல் கண்ணின் உணர்திறன் உச்சத்தின் 6 வீதம் மட்டுமே. லக்ஸ் மீற்றர் கண்ணைப் போலச் செய்யப்பட்டது என்பதால் அந்த நீலத்தை ஏறத்தாழக் காணாது. கொஞ்சம் வெள்ளை ஒளி கலந்த விளக்கு கூடுதல் லக்ஸ் காட்டி, குழந்தைக்கு மருந்தாகும் நீல ஒளியைக் குறைவாகவே கொடுக்கும். இதற்கென்றுள்ள கதிர்மானி வேண்டும்; அதிலும் விளக்கைச் செய்த கொம்பனி குறிப்பிடும் கதிர்மானியையே பாவிக்க வேண்டும், ஏனெனில் வேறு வேறு கொம்பனிக் கருவிகள் ஒரே விளக்கில் வேறு வேறு எண் காட்டும். இரண்டாவது, எக்ஸ்றே பார்க்கும் கணினித் திரை. திரையில் ஒட்டிவைத்து அளக்கும் மானி அறை வெளிச்சத்தின் தெறிப்பைக் காணாது. வைத்தியர் இருக்கும் தூரத்திலிருந்து குறிபார்க்கும் ஒளிர்வுமானி அதையும் சேர்த்துக் காணும். நோய் நிர்ணயத்துக்கான திரையில் ஆகக் கூடிய ஒளிர்வு ஆகக் குறைந்ததின் 250 மடங்காவது இருக்க வேண்டும் என்ற விதி அறை வெளிச்சத்தையும் சேர்த்தே சொல்லப்படுகிறது.

கருவியை வாங்கிய பிறகு பேணுவது தனி வேலை. வருடத்துக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் வேண்டும். அத்தாட்சிப் பத்திரத்தில் எந்த ஒளிமூலத்தின் கீழ் திருத்தினார்கள், நிச்சயமின்மை எவ்வளவு, திகதி என்ன என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஆய்வுகூடம் ஐ.எஸ்.ஓ. 17025 இன் கீழ் இலங்கைத் தராதர அங்கீகாரச் சபையின் அங்கீகாரம் பெற்றதா, அந்த அங்கீகாரத்தில் ஒளி அளவீடும் அடங்குகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நிறையளவைக்கு அங்கீகாரம் பெற்ற கூடம் லக்ஸுக்குக் கொடுக்கும் பத்திரம் செல்லாது. கடல் சூழ்ந்த எங்கள் குடாநாட்டில் உப்புக் காற்றும் ஈரமும் வடிகட்டியைப் பனி படர்ந்தது போலாக்கும். உணரியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். மூடியை விரலால் தொட வேண்டாம். தொட்டால் வடிநீரில் நனைத்த மென்துணியால் துடையுங்கள். வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் விட்டுப்போனால் மூடி மஞ்சளாகும். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதென்றால் பற்றரியைக் கழற்றிவிட வேண்டும்; அது கசிந்து தொடுகையை அரித்த கருவியைத் திருத்துவது கடினம். இரண்டு மீற்றர் வாங்க முடிந்தால் ஒன்றை வெளியே கொண்டுபோகாமல் வைத்து, மாதம் ஒருமுறை மற்றதை அதனோடு ஒரே விளக்கின் கீழ் ஒப்பிட்டுக் கொள்ளலாம். இரண்டும் 5 வீதத்துக்கு மேல் பிரிந்தால் அளவுத்திருத்தத்துக்கு அனுப்பும் நேரம் வந்துவிட்டது.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. ஒவ்வொரு உள்ளூராட்சி சபையும் பி வகுப்புக்குக் குறையாத, 0.1 லக்ஸ் வரை காட்டும், உணரி தனியாயுள்ள ஒரு லக்ஸ் மீற்றரையேனும் வைத்திருக்க வேண்டும். கல்வி வலயங்களுக்கும் ஒவ்வொன்று. ஒடுங்கிய புலமுள்ள ஒளிர்வுமானியை ஒவ்வொரு சபையும் வாங்கத் தேவையில்லை. மாகாணத்துக்கு ஒன்று வாங்கி, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் போன்ற ஓரிடத்தில் வைத்து, சபைகள் முறைவைத்து எடுத்துப் பாவிக்கலாம். அதைவிட அவசரமானது விலைமனுக் கோரலின் வாசகம். இத்தனை வற் விளக்கு என்று கேட்பதை நிறுத்தி, எந்த வீதியில் எத்தனை கன்டெலா அல்லது லக்ஸ், எவ்வளவு சீர்மை, கூச்சத்துக்கு என்ன எல்லை என்று கேட்க வேண்டும். பூட்டிய பின் சபையின் கருவியால் அளந்து, விற்றவரும் பக்கத்தில் நின்று கையொப்பமிட்ட பிறகே கடைசித் தவணைப் பணம் போக வேண்டும். அளவீட்டுத் தாளில் கருவியின் தொடரிலக்கம், அளவுத்திருத்தத் திகதி, நேரம், மின்னழுத்தம், வீதி காய்ந்ததா நனைந்ததா என்பன கட்டாயம் இருக்க வேண்டும்; இவை இல்லாமல் வெறும் எண்ணை மட்டும் எழுதிய தாளை எவரும் பின்னர் சரிபார்க்க முடியாது.

முறைப்பாடு எழுதும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். கம்ப இலக்கத்தையும், எந்தத் திசையில் போகும்போது கண் கூசுகிறது என்பதையும், மழை பெய்ததா என்பதையும், விளக்கின் தலை கிடையாக இருக்கிறதா மேல்நோக்கி இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அளக்க வருபவர் எந்தக் கருவியைக் கொண்டுவர வேண்டும் என்பதை அந்த நாலு வரியிலிருந்தே தீர்மானித்துக்கொள்வார்.

இங்ஙனம்,
ஒளி அளவீட்டுக் கருவிகள் பராமரிப்போர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.